கொடி நட்டிருந்த குழி

அரசு பஸ்ஸில் ஏறி, டிக்கெட்டைக் காட்டச் சொல்லியே முப்பத்து நான்கு வருஷம் சம்பளம் வாங்கியவன் நான். பரிசோதகர் வேலை. டிக்கெட் எடுக்காத ஆசாமியை மூன்றாவது இருக்கைக்கு வருவதற்குள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். ஒன்று, தூங்குவது போலக் கிடப்பார். இல்லையென்றால் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் வயல்களை அளவுக்கு மீறி ரசிப்பார். அப்படி ஊராருடைய தில்லுமுல்லுகளைப் பிடித்துப் பிடித்தே ஓய்வு பெற்றவன், வீடு பார்க்கப் போன இடத்தில் கட்டிய மனைவிக்கே ஒரு தில்லுமுல்லு செய்தேன். நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. கூடவே வெட்கமும் வருகிறது.

பாளையங்கோட்டையில் மார்க்கெட்டுக்குப் பின்தெருவில், மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். லிஃப்ட் கிடையாது. ஐம்பத்தெட்டுப் படிகள். எனக்கு அந்த இடம் சொர்க்கம். காலையில் ஆறு மணிக்கு இறங்கினால் எதிரிலேயே டீக்கடை, அதையொட்டி முடிதிருத்தும் கடை, நாலு எட்டு வைத்தால் பஸ் நிறுத்தத்துச் சிமெண்டு பெஞ்சு. அந்தப் பெஞ்சில் என்னைப் போல ஓய்வு பெற்ற நாலைந்து பேர் கூடி, ஒன்பது மணிக்குள் நாட்டின் எல்லாப் பிரச்சினைகளையும் தீர்த்துவிட்டு இட்லி சாப்பிட அவரவர் வீட்டுக்குப் போவோம். மறுநாள் காலையில் அதே பிரச்சினைகள் மறுபடியும் வந்து நிற்கும். எங்களுக்கும் பொழுது போகவேண்டுமே.

என் மனைவிக்கு அந்த வீடு சிறை. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன என்று டாக்டர் படம் எடுத்துக் காட்டியிருந்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஏழு வாடகை வீடுகள் மாறியிருக்கிறோம், ஏழும் மாடி. கீழே வீட்டுக்காரர் இருப்பார், மேலே நாங்கள் இருப்போம். "மோட்டார அணைச்சாச்சா?" என்று கீழேயிருந்து ஒரு குரல் வரும். "அணைச்சாச்சு" என்று இவள் மேலேயிருந்து சொல்வாள். அவளுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான். வாசலைத் தாண்டிக் கால் வைத்தால் அது மண்ணாக இருக்க வேண்டும். அந்த மண் தன்னுடையதாக இருக்க வேண்டும்.

அப்போதுதான் பத்திரிகைக்குள் செருகி அந்தத் துண்டுப் பிரசுரம் வந்தது. வழவழப்பான தாள். தொப்பி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் கம்பைத் தோளுக்கு மேலே ஓங்கியபடி நிற்கிறார். அவருக்குப் பின்னால் பொதிகை மலை. சேரன்மகாதேவி சாலையில், கால்வாய்க் கரையை ஒட்டி, கோல்ஃப் மைதானத்தைச் சுற்றிலும் தனி வீடுகள் கட்டித் தரப்போகிறார்களாம். நான் அதில் பஜ்ஜி எண்ணெய் ஒற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மனைவி அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இதப் பாத்தியளா? ஒத்தத் தளம்னு போட்டிருக்கு. வீட்டுக்குப் படியே கெடையாதாம்."

"ஏளா, இது பந்து அடிக்கிறவனுக்குள்ள இடம். நாம அங்கன போயி என்ன செய்ய?"

"அவன் பந்து அடிக்கட்டும். நான் வாசல் தெளிக்கேன்."

இதற்குமேல் என்ன பேசுவது? அவளுடைய அப்பா வழியில் வந்த வயலை விற்ற பணமும் என்னுடைய பணிக்கொடையும் வங்கியில் கிடந்தன. ஒரு வீட்டுக்குப் போதும். இரண்டாவது தடவை யோசிக்கப் போதாது. முடியாது என்று நான் சொல்லவில்லை. ஓடுகிற பஸ்ஸை நிறுத்தி ஆட்களை இறக்கிவிட்டவன்தான். ஆனால் அவள் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வந்ததே கிடையாது. உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம். அந்த இடத்தில் பஸ்கூட நிற்காது. டீக்கடை இல்லை, பெஞ்சு இல்லை. காலையில் எழுந்து புல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நான் என்ன ஆடா?

ஆகவே ஒரு சதி செய்தேன். என் பெரிய மச்சானுக்கு, அதாவது மனைவியின் அண்ணனுக்கு, போன் போட்டேன்.

மச்சானைப் பற்றிச் சொல்லவேண்டும். அரிசி ஆலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர். ஓய்ந்த பிறகு மனை சாஸ்திரத்தில் இறங்கினார். சொந்தத்தில் யார் மனை வாங்கினாலும் இவர் வந்து பார்த்தாக வேண்டும். பார்த்த மனை எதையும் இவர் நல்லது என்று சொன்னதே இல்லை. ஒன்றில் தெற்கு நீளம் என்பார், இன்னொன்றில் எதிரே மின்கம்பம் என்பார். ஒரு மருமகனை நாலு வாசலை இடித்து மாற்ற வைத்தார். ஐந்தாவது வாசலுக்கு அந்தப் பையன் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான். மனதுக்குப் பிடித்த மனை இதுவரை அமையாததால் மச்சானும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்.

"மச்சான், ஒரு மனை பாக்கப் போறோம். நீங்க வந்து ஒரு பார்வை பாத்துட்டாத்தான் எனக்கு நிம்மதி" என்றேன்.

"இப்பமாவது தோணுச்சே வே உமக்கு" என்றார் அவர். குரல் தழுதழுத்தது.

மனைவிக்கு அதைவிடச் சந்தோஷம். அண்ணனுக்கு நான் மரியாதை கொடுத்துவிட்டேனாம். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்கு மட்டும் இரண்டு அப்பளம் கூடுதலாக விழுந்தது. அதையும் கூசாமல் தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் கிளம்பினோம். பஸ் டிரைவர் பழைய பழக்கம். நிறுத்தமே இல்லாத இடத்தில் எனக்காக நிறுத்தினார். மச்சான் கையில் செப்புச் செம்பு நிறையத் தண்ணீர், தோளில் மம்பட்டி. சாஸ்திரத்தில் மனைக்கு இரண்டு சோதனை உண்டு. குழி தோண்டி, தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டு மிதிக்க வேண்டும். மண் மிஞ்சினால் உத்தமமான மனை, குறைந்தால் ஆகாது. மற்றொன்று, குழியில் தண்ணீர் ஊற்றிவிட்டு நூறு அடி நடந்து திரும்பி வரவேண்டும். தண்ணீர் நின்றால் அந்த வீட்டில் செல்வம் நிற்கும், வற்றினால் வற்றும். இரண்டுக்கும் குழி வேண்டும், குழிக்கு மம்பட்டி வேண்டும். ஆனால் வாசலில் காவலாளி எங்களுக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டு மம்பட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, இது உள்ள போகக் கூடாது."

"ஏன் வே, நான் என்ன உம்ம கம்பெனிக்குள்ள வாய்க்கால் வெட்டவா வந்திருக்கேன்?"

"புல்லுல ஒரு கீறல் விழுந்தாலும் என் வேலை போயிரும் அண்ணாச்சி. அது கப்பல்ல வந்த புல்லு."

"தாமிரவருணித் தண்ணி பாயுத ஊருக்குக் கப்பல்லயா புல்லு வருது?" என்று மச்சான் என்னைப் பார்த்தார். மம்பட்டி காவலாளியின் அறையில் குடையோடு சாத்தி வைக்கப்பட்டது.

விற்பனைப் பிரிவில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். எல்லோருக்கும் இளநீர் கொடுத்து, பேட்டரி வண்டியில் ஏற்றினாள். மனைவி முன்னால் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் நடுவில். மச்சான் பின்பக்கம் பார்த்த இருக்கையில் செம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, போகிற வழியெல்லாம் மம்பட்டிக்காக முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மைதானத்தில் ஒன்பது குழிகள் வரவேண்டுமாம். மூன்றுதான் முடிந்திருந்தன. மற்ற ஆறும் இன்னும் வாழைத்தோப்பாகவே இருந்தன, குலை தள்ளியிருந்தது. முடிந்த மூன்றில் தொப்பி வைத்த ஒருவர் தனியாகப் பந்தை அடித்தார். அடித்தது ஒரு நொடி. அதைத் தேடியது நாங்கள் அங்கே இருந்த நேரம் முழுவதும். இரண்டு மயில்கள் அவருக்கு முன்னால் நடந்து உதவி செய்தன.

"அந்தா ஒரு கொடி தெரியுதுல்லா சார், அதுக்குக் கீழ ஒரு குழி இருக்கும். இங்கன இருந்து அடிச்சு அந்தக் குழிக்குள்ள பந்தப் போடணும். அதான் ஆட்டம்" என்று அந்தப் பெண் விளக்கினாள். நான் கேட்டுக்கொண்டேன். மச்சான் பின்னால் திரும்பிய வாக்கில் கேட்கவில்லை.

மனைவியின் சந்தேகங்கள் வேறு. "வாசல்ல வத்தல் காயப் போடலாமாம்மா?"

"போடலாம்மா. ஆனா எப்பமாவது பந்து வந்து விழும்."

"விழட்டும். வத்தலோட சேத்துப் பொரிச்சு எடுத்துருவோம்."

அந்தப் பெண் சிரித்தபடி வண்டியை ஏழாம் நம்பர் மனைக்கு முன்னால் நிறுத்தினாள். கட்டப்போவது தெருமட்டத்திலிருந்து லேசான சரிவோடு உள்ளே போகும் ஒற்றைத் தள வீடு, ஒரு படிகூட இருக்காது என்று சுண்ணாம்புக் கோட்டைக் காட்டிச் சொன்னாள். மனைவி வண்டியிலிருந்து பைய இறங்கினாள். செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மண்ணில் நின்றாள். கல்யாணப் புகைப்படத்தில் தவிர அப்படியொரு முகத்தை நான் அவளிடம் பார்த்தது கிடையாது. போச்சு, என் பெஞ்சு போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் பார்வைக்காகக் கட்டி வைத்திருந்த மாதிரி வீட்டின் அடுப்படியைக் காட்ட அந்தப் பெண் அவளைக் கூட்டிப் போனாள். மனையில் நானும் மச்சானும் மட்டும். அவர் செம்பும் கையுமாகத் தவித்தார். ஆயுதம் இல்லாத சிப்பாய்க்கு இருக்கும் கோபம். அப்போது, மனைக்கு முப்பது நாற்பது அடி தள்ளி, வழித்து விட்டாற்போன்ற புல்லின் நடுவே அந்தக் கொடி அவர் கண்ணில் பட்டது. அவருக்கு ஒரு கண்ணில்தான் புரை எடுத்திருந்தது. நேரே போய்க் குனிந்து பார்த்தார்.

"மாப்ள, இங்கன வாரும். கம்பெனிக்காரன் லேசுப்பட்டவன் இல்ல வே. சாஸ்திரம் தெரிஞ்சவன்! நம்மள மாதிரி ஆளு வருவான்னு முன்கூட்டியே குழி தோண்டி, அடையாளத்துக்குக் கொடியும் நட்டி வச்சிருக்கான். அதான் மம்பட்டி வேண்டாம்னிருக்கான்."

நான் வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

"மண்ணு சரியாம உறை வேற எறக்கியிருக்கான் பாரும்" என்று வியந்தபடி மச்சான் கொடியைப் பிடுங்கிப் படுக்க வைத்தார். கிழக்கே பார்த்து ஏதோ முணுமுணுத்துவிட்டுச் செம்புத் தண்ணீரைக் குழி நிறைய ஊற்றினார். "நான் நூறு அடி நடந்துட்டு வாரேன். நீரு கிட்ட நில்லும். காக்கா கீக்கா வாய் வச்சிரப்போவுது."

அவர் எண்ணிக்கொண்டே நடந்தார். நான் குழியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். குழிக்குள் வெள்ளைக் குவளை ஒன்று புதைத்திருந்தது. மழைத் தண்ணீர் தேங்காமல் இருக்க அதன் அடியில் துளைகள் போட்டிருந்தார்கள். மச்சான் இருபதாவது அடியைத் தாண்டுவதற்குள் கடைசிச் சொட்டும் சளசளவென்று இறங்கிவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மச்சான், இது பந்து விழுகிற குழி, உறையில் ஓட்டை இருக்கிறது என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. சிரிப்பை அடக்க முடியாமல் மயிலைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

மச்சான் திரும்பி வந்து குனிந்தார். முகம் கறுத்துவிட்டது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ மனையை அவர் கழித்திருக்கிறார். ஆனால் ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்த மனையை அவரும் அன்றுதான் பார்த்தார். மாதிரி வீட்டிலிருந்து மனைவி சுவரைப் பிடித்துப் பிடித்துத் திரும்பி வந்தாள். அந்தப் பெண் வேறொரு குடும்பத்துக்கு இளநீர் கொடுக்கப் போயிருந்தாள்.

"இது வேண்டாம் தாயி. குழியில தண்ணி ஊத்திப் பாத்தேன். ஒரு சொட்டு நிக்கல. இங்கன குடியிருந்தா எதுவும் தங்காது. மாப்ள கண்ணாலயே பாத்தாரு, கேட்டுக்கோ."

அவள் என்னைப் பார்த்தாள். தண்ணீர் நிற்கவில்லை என்பது உண்மைதானே. தலையை ஆட்டினேன்.

"சரிண்ணே" என்றாள். ஓரமாகக் கிடந்த செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

முதல் வாரம் எனக்குக் கொண்டாட்டமாகப் போனது. மச்சானும் குழியும் கதையைப் பெஞ்சில் நடித்துக் காட்டினேன். இருமல்காரர் ஒருவர் சிரித்துச் சிரித்துப் புரையேறிக் கஷ்டப்பட்டார். வீட்டிலோ அந்தப் பேச்சே எழவில்லை. மனைவி வழக்கம்போலக் கயிற்றில் கூடையைக் கட்டி இறக்கிக் காய் வாங்கினாள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகவில்லை. அடுத்த வெள்ளியும் போகவில்லை. கேட்டதற்கு, "சாமி எங்க போயிரப் போவுது" என்றாள்.

மூன்றாவது வாரம் அந்த விற்பனைப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. "சார், ஏழாம் நம்பர இன்னும் யாருக்கும் குடுக்கல. அம்மாவுக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். எங்க அம்மா மாஞ்சோலையில தேயிலை பறிச்சவங்க. ஏறி எறங்கி அவங்க முட்டும் இப்பிடித்தான் போச்சு. எஸ்டேட்ட விட்டு எறங்கி வந்தும் வலி போகல. அன்னைக்கு அம்மா மண்ணுல நின்னது கண்ணுக்குள்ளயே இருக்கு சார்." பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று பெஞ்சில் எனக்குப் பேச்சு ஓடவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து, ஒன்பது மணிக்குப் பெஞ்சிலிருந்து திரும்பி வந்தேன். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில், படியில் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கட்டு முருங்கைக்கீரை. கூடையின் கயிறு அறுந்துவிட்டதாம். கீரைக்காரி போய்விடுவாள் என்று தானே இறங்கி வாங்கியிருக்கிறாள். ஏறும்போது முழங்கால் பூட்டிக்கொண்டுவிட்டது.

"எவ்வளவு நேரமா இங்கன இருக்க?"

"அரை மணிக்கூறு இருக்கும்."

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்லா? பெஞ்சுக்குக் கேட்டிருக்குமே!"

"நீங்க அங்கன சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்திய. சத்தம் மேல வர கேட்டுச்சு. என்னத்துக்குக் கெடுக்கணும்னு இருந்துட்டேன்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கீரைக்கட்டைத் தடவிக்கொண்டே, யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள்: "நம்ம ராசி அப்பிடி. அந்த மண்ணுல நிக்கும்போது நெஞ்செல்லாம் நெறஞ்சு போச்சு. ஆனா மண்ணுக்கு என்னையப் பிடிக்கணும்லா? ஒரு செம்புத் தண்ணியக்கூட வச்சுக்க மாட்டேன்னுட்டு."

எத்தனையோ பேர் டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டு என் முன்னால் விழித்திருக்கிறார்கள். அந்த விழிப்பு எப்படி இருக்கும் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. அந்தப் படியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மச்சானை எதற்காகக் கூப்பிட்டேன், அது என்ன குழி, அடியில் எத்தனை துளை இருந்தது, நான் எதற்காக மயிலைப் பார்த்தேன், எல்லாம்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கண் மட்டும் நிறைந்தது.

"எனக்கு வர இஷ்டமில்லட்டின்னு ஒரு வார்த்தை சொன்னா நான் விட்டிருப்பேனே. ஏழு வீட்டுல விட்டவதான. மூணு வாரமா நான் பாவம் பண்ணுனவன்னு நெனச்சுல்லா அழுதுக்கிட்டுக் கெடக்கேன். அதுக்கு எதுக்கு விட்டிய என்னைய?"

கீரைக்கட்டால் என் தோளில் ஒரு அடி வைத்தாள். வலிக்கவில்லை, வலித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு என் தோளையே பிடித்துக்கொண்டு எழுந்தாள். மீதி இருந்த பதினோரு படியும் ஏறி முடித்த பிறகு சொன்னாள்: "அண்ணங்கிட்ட நீங்களே போயிச் சொல்லணும்."

போய்ச் சொன்னேன். மச்சான் ஒவ்வொன்றாகக் கேட்டார். "அப்பம் நான் பந்து போடுற குழியில தண்ணி ஊத்திட்டு நூறு அடி நடந்தேன்?"

"ஆமா மச்சான்."

"நீரு பாத்துக்கிட்டு நின்னீரு?"

"நின்னேன் மச்சான்."

"நீரெல்லாம் ஒரு மாப்ளயா வே" என்று ஆரம்பித்து அவர் சொன்ன மற்றவற்றை எழுதினால் அச்சடிக்க மாட்டார்கள். கடைசியில் ஒரு நிபந்தனைக்கு வந்து நின்றார். ஏழாம் நம்பர் மனையிலேயே, தன் கையால் தோண்டி, தண்ணீர் இல்லாமல் மண்ணாலேயே சோதனை செய்வார். அதில் ஆகாது என்று வந்தால் ஆகாதுதான். மனைவியும் அதற்குச் சம்மதித்தாள். அண்ணன் வாக்குக்கு எதிராக ஒரு வீட்டில் பால் காய்ச்ச அவளால் முடியாது என்பது எனக்குத் தெரியும்.

இந்தத் தடவை விற்பனைப் பெண் காவலாளியிடம் சொல்லி மம்பட்டிக்கு அனுமதி வாங்கி வைத்திருந்தாள். மனையின் நடுவில் மச்சான் முழங்கையால் அளந்து, ஒரு முழத்துக்கு ஒரு முழம் குழி தோண்டினார். தோண்டிய மண்ணை ஒரு சாக்கின் மேல் குவித்தார். எனக்கு அந்த மண்ணைப் பார்த்ததுமே திக்கென்றது. கம்பெனிக்காரர்கள் மேட்டுக்காகப் புதிதாகக் கொட்டிய மண். பொலபொலவென்று கிடந்தது. திரும்பப் போட்டு மிதித்தால் அமுங்கிப் போகும் என்று எனக்கே தெரிந்தது. மச்சானோ வீறாப்பில் இருந்தார். ஒவ்வொரு சட்டி மண்ணுக்கும் உள்ளே இறங்கி, நெல் மூட்டையை மிதிக்கிற மாதிரி மிதித்தார்.

சாக்கு காலியாகப் போகும்போது குழி இன்னும் நாலு விரல் பள்ளமாக இருந்தது. சாக்கில் மிச்சம் ஒரு சட்டி மண். அதைப் போட்டாலும் நிறையாது. மனைவி குழிக்கு அந்தப் பக்கம் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசி மண்ணு போடும் முன்ன கெழக்க பாத்துக் கும்பிடணும்" என்று மச்சான் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக் கண்ணை மூடினார்.

எங்கிருந்து வந்தது அந்த யோசனை என்று தெரியாது. பக்கத்து மனையில் மண் அம்பாரமாகக் கிடந்தது. சத்தம் போடாமல் போய், தோளில் கிடந்த துண்டை விரித்து அது கொண்ட மட்டும் மண்ணை அள்ளினேன். வந்து குழியில் கவிழ்த்தேன். மறுபடியும் ஓடினேன். அறுபத்திரண்டு வயதில் அப்படி நுனிக்காலில் ஓடியதை என் பெஞ்சுக்காரர்கள் பார்த்திருந்தால் நாலு நாள் பேச்சுக்கு ஆகியிருக்கும். இரண்டாவது தடவை கொட்டியபோது, நான் போட்டதைவிடக் குழி அதிகமாக ஏறியிருப்பது போலத் தோன்றியது. அவசரத்தில் அதைக் கவனிக்கவில்லை. மூன்றாவது தடவை துண்டை அள்ளிக்கொண்டு திரும்பினேன்.

மனைவி சேலையைக் கணுக்காலுக்கு மேல் லேசாகத் தூக்கிப் பிடித்திருந்தாள். இடது கை அந்த விற்பனைப் பெண்ணின் தோளில் இருந்தது. வலது காலால் தன் பக்கத்து மண்ணைச் சரக்கு சரக்கென்று குழிக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். படியில் அரை மணி நேரம் பூட்டிக்கொண்டு கிடந்த அதே கால். ஒவ்வொரு தள்ளுக்கும் முகம் வலியில் சுளித்தது. சுளித்த முகத்தோடு மறுபடியும் தள்ளினாள். தோள் கொடுத்து நின்ற பெண் ஒன்றும் அறியாதவள் போலக் கோல்ஃப் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனைவி நிமிர்ந்தாள். நான் துண்டு நிறைய மண்ணோடு நின்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அண்ணன் வாக்கை வேதமாக நினைக்கிறவள், அண்ணன் முதுகுக்குப் பின்னால் செய்கிற காரியம் இது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளோ மோவாயால் குழியைக் காட்டி, சீக்கிரம் கொட்டுங்கள் என்று சைகை செய்தாள். கொட்டினேன்.

மச்சான் கும்பிட்டு முடித்துத் திரும்பினார். அவருடைய ஒற்றைக் கண் பார்வைக்குக் குழி ஏறியிருந்தது தெரியவில்லை. சாக்கில் இருந்த கடைசிச் சட்டி மண்ணையும் போட்டு மிதித்தார். குழி நிறைந்து, அதற்கு மேலும் ஒரு சாண் மேடாக நின்றது. மம்பட்டியைக் கீழே போட்டுவிட்டு அந்த மேட்டைக் கையால் தடவிப் பார்த்தார். ஆயுளில் முதல் தடவையாக ஒரு மனை அவருக்குத் தேறிவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

"மிஞ்சிட்டு வே! ஒரு சாண் மிஞ்சிட்டு! இப்பிடி ஒரு மண்ண நான் பாத்ததே இல்ல." தங்கையின் தலையில் கை வைத்தார். "நீ குடுத்து வச்சவ தாயி."

"ஆமாண்ணே" என்றாள் என் மனைவி. பிறகு என் பக்கம் திரும்பி, "துண்ட உதறுங்க" என்றாள் பைய.